கல்லூரிச் சேர்க்கையில் பாடத்திற்கு வெளியே செய்வனவும், பிறருடன் பழகும் திறனும் உண்மையிலேயே கணக்கில் வருகின்றனவா?

உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான் என்றும், கராத்தே, கீபோர்டு, அபாகஸ், சதுரங்கம் என்று அவன் வாங்கிய சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன என்றும், நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க இன்னும் எவற்றில் சேர்த்துவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சேலத்துக்காரன். ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதும் என் வேலையில் ஒரு பகுதி என்பதால், அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

எந்த வாசலுக்குப் போகிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதத்தில் நூறு, இயற்பியலிலும் வேதியியலிலும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் எல்லாம். மருத்துவத்திற்கு நீட், ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. இந்த மூன்றிலும் கராத்தே கருப்புப் பட்டைக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. சாதித்த விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு இடங்களை விளையாட்டில் சிறந்தவர்களுக்கென்று கூடுதலாக ஏற்படுத்தி, அடுத்த ஆண்டு நுண்கலைக்கும் அவ்வாறே செய்தது. அங்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெற்ற பிறகுதான் மற்றவை. வெறும் எண்ணை வைத்து இடம் கொடுக்கும் இந்த முறையைப் பலரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அதன்மேல் பெரிய வருத்தம் இல்லை. அம்மாபேட்டை நெசவாளரின் பிள்ளையிடம் அந்த எண் அப்பாவின் தொழிலை விசாரிப்பதில்லை.

நம் ஊரிலேயே வேறு வழியில் மாணவரைத் தேர்ந்தெடுத்த ஒரு கல்லூரி இருந்ததை இங்கே சொல்ல வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வளாகத்துக்கு வரவழைத்து, சில நாள்கள் குழுச் செயல்பாடுகளிலும் நேர்காணலிலும் கவனித்த பிறகே இடம் கொடுத்துவந்தது. ஏழை நோயாளிகளிடையே வேலை செய்யப் போகிறவர் அவர்களோடு எப்படி நடந்துகொள்வார் என்பதை மதிப்பெண் சொல்லாது என்பது அவர்களுடைய வாதம். நீட் தரவரிசைப்படி நடக்கும் பொதுக் கலந்தாய்வு கட்டாயமானபோது, அதை ஏற்காமல் 2017இல் அந்தக் கல்லூரி எம்.பி.பி.எஸ். வகுப்பின் நூறு இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்ததோடு அந்த விவாதம் முடிந்தது.

இனி, நீங்கள் நினைக்கும் அளவுக்கு இவை கணக்கில் வரும் வாசல் முக்கியமாக அமெரிக்கக் கல்லூரிகள். இந்தியாவில் அசோகா, அசீம் பிரேம்ஜி போன்ற, நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகங்களையும் ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நேர்காணல் வைத்தாலும் கேட்பதெல்லாம் பாடத்தைப் பற்றியே. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து வரிசைகள் உண்டு. ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகளுக்குத்தான் இடம். பத்து வரிசையைப் பார்த்ததும் பத்தையும் நிரப்ப வேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றிவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் தனி விண்ணப்பத்தில் நான்குக்கு மட்டுமே இடம் இருப்பதை நான் எல்லோரிடமும் எடுத்துச் சொல்வேன்.

அந்தப் பொது விண்ணப்பத்தில் செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், விவாதமும் இசையும் இருப்பது போலவே குடும்பப் பொறுப்பு என்பதும், சம்பள வேலை என்பதும் இருக்கின்றன. இது தெரியாததால் நம் பிள்ளைகள் இழப்பது அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவி, காட்டுவதற்குத் தன்னிடம் எதுவுமே இல்லை என்று கண் கலங்கி நின்றாள். சிவதாபுரம் பக்கம் அவள் தந்தைக்குச் சிறிய கொலுசுப் பட்டறை. விடுமுறையில் மலையிலிருந்து வீட்டுக்கு இறங்கினால், சலங்கை கோக்கும் பெண்களின் வீடுகளுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பதும், வேலை முடிந்து திரும்பி வருவதை மீண்டும் எடை போட்டு வாங்கி நோட்டில் எழுதுவதும் அவள் பொறுப்பு. எடை குறைந்தால் அது சேதாரமா, கைத்தவறா என்று எழும் பேச்சை, தன் தாயின் வயதுள்ள பெண்களிடம் மனம் நோகாமல் பேசித் தீர்ப்பதும் அவளேதான். ஐந்து ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறாள். அதற்குச் சான்றிதழ் தருவார் யாருமில்லை என்பதால் அவள் அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. விண்ணப்பத்தின் முதல் வரிசையில் அதைத்தான் எழுதவைத்தேன். முழு உதவித்தொகையோடு அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் இடம் கிடைத்தது. கொலுசுப் பட்டறைதான் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் கணக்கில் அவளை விஞ்ச ஆளில்லை.

பழகும் திறன் என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அதை மாணவர் தானே எழுதிக்கொள்ள முடியாது. எழுதினாலும் நம்புவார் இல்லை. அவரோடு பழகிய ஒருவர் சொல்ல வேண்டும், அது ஆசிரியரின் கடிதத்தின் வழியாகவோ நேர்காணல் செய்பவரின் குறிப்பின் வழியாகவோ போய்ச் சேர வேண்டும். என் தொடக்ககாலக் கடிதங்களை இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. "அடக்கமானவர், ஒழுக்கமானவர், கடுமையாக உழைப்பவர்" என்று எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறேன். நம்மிடையே இவை உயர்ந்த பாராட்டுகள்தாம். ஆனால், எந்த மாணவரை எடுத்துவிட்டு எந்த மாணவரை வைத்தாலும் பொருந்துகிற கடிதம், தூரத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு ஒரு மனிதரையும் காட்டாது.

சேர்க்கையில் ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதாக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீது தொடுத்த வழக்கின் விவரங்களைப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. 2018இல் நடந்த விசாரணையில் அவர்கள் மதிப்பெண் போடும் முறை வெளியே வந்தது: படிப்பு, பாடத்திற்கு வெளியேயான செயல்பாடு, விளையாட்டு, ஆளுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பீடு, ஒன்று என்பதே உயர்ந்தது. ஆசிய அமெரிக்க மாணவர்கள் படிப்பில் முன்னே நின்று, ஆளுமை மதிப்பீட்டில் பின்தங்கினார்கள். அதற்கு ஆசிரியர்களும் ஆலோசகர்களும் எழுதிய கடிதங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2019இல் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றம் குறிப்பிட்டது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டுக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பை மாற்றி, சேர்க்கையில் இனத்தைக் கருதுவதைத் தடுத்தது. ஆளுமையை எடைபோடுவது தொடர்கிறது. (1920களில் அதே ஹார்வர்டு, யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்குக் "குணநலன்" என்ற அளவுகோலைத்தான் கையில் எடுத்தது. 2019இல் அமெரிக்காவில் பிடிபட்ட மோசடியில், ஆடவே தெரியாத பிள்ளைகளைப் பணம் கொடுத்து விளையாட்டு வீரர்களாகக் காட்டியிருந்தார்கள். ஆகவே இந்த முறை நம்முடைய எண்ணைவிடப் புனிதமானது என்று யாரும் மயங்க வேண்டியதில்லை.)

பழகும் திறன் என்பது கலகலப்பாகப் பேசுவது என்று எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஆளுமைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். என் மாணவன் ஒருவன் மேடையேறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இரவுப் படிப்பு நேரத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கணக்கோடு அவன் மேசையருகில் வரிசையாக நிற்பார்கள். என்னிடம் வராமல் ஏன் அவனிடம் போகிறார்கள் என்று ஒருவனைக் கேட்டபோது, "அண்ணன் திட்ட மாட்டாங்க சார், நான் எங்கே தப்புப் பண்றேன்னு பார்த்துட்டு அப்புறந்தான் சொல்லுவாங்க" என்றான். அந்தப் பதிலை அப்படியே கடிதத்தில் எழுதினேன். நான் எழுதியவற்றுள் நல்ல கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு வருவோம். உள்ளூர்க் கலந்தாய்வுதான் இலக்கு என்றால், அவன் விரும்புவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வகுப்புகளை இன்றே நிறுத்திவிடுங்கள், பணமாவது மிஞ்சும். வெளிநாடு மனத்தில் இருந்தால், நான்கில் எதற்கு அவன் நீங்கள் சொல்லாமலே கிளம்புகிறான் என்று ஒரு மாதம் கவனித்து, அதை மூன்று நான்கு ஆண்டுகள் தொடரவிடுங்கள். சதுரங்கம் என்றால், பதக்கம் வராத ஆண்டிலும் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பதினொன்றாம் வகுப்புக்குள் இரண்டு ஆசிரியர்களாவது அவனை மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே அறிந்திருக்க வேண்டும். கடிதம் வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பின் ஜூலையிலேயே கேட்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகளுக்குக் கடைசி நாள் ஜனவரி தொடக்கத்தில் வருகிறது. டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு முடிந்து சேலம் இறங்கும் பேருந்தில் என் பக்கத்தில் வந்து நின்று, இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் கடிதம் கேட்டவர்களுக்கு நான் எழுதியவற்றில் ஒன்றுகூட உருப்படியாக அமைந்ததில்லை.