பேஸ்மென்டில் பழைய பலகை பார்: கேள்வி பதில்

டொரோண்டோ பக்கம் பேஸ்மென்டை, அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தை, அறையாக்கி முடிக்கிற வேலைதான் என் பிழைப்பு. பழைய மரம், தகரம், பீப்பாய் வைத்து வீட்டுக்குள் பார் (மது பரிமாறும் மேடை) கட்டுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணா, பண்ணைக் களஞ்சியத்தைப் பிரித்த பலகை கிஜிஜி விளம்பரத் தளத்தில் சும்மா தருகிறார்கள். கொண்டுவந்து அப்படியே அடிக்கலாமா? (மார்க்கம்)

அப்படியே வேண்டாம் தம்பி. பலகை சும்மா கிடைக்கும், அதோடு பூச்சியும் ஆணியும் ஈரமும் சேர்ந்து வரும்.

முதலில் பூச்சி. பலகையில் குண்டூசி குத்தியது போல ஓட்டைகள் இருந்தால், பலகையை நிமிர்த்திச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மா மாதிரி மெல்லிய தூள் கொட்டினால் உள்ளே புழு இன்னும் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டுக்குள் ஏற்றினால் உங்கள் தரைப்பலகைக்கும் பரவலாம். சூளை வைத்திருக்கும் மர ஆலையில் காசு கொடுத்துச் சூடாக்கி எடுங்கள். ஏற்றுமதிப் பெட்டி மரத்துக்கு உலக அளவில் உள்ள விதி, மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது. அதற்குக் குறையாமல் கேளுங்கள்.

பிறகு ஆணி. கண்ணால் பார்த்துப் பிடுங்கினால் போதாது. தலை முறிந்த ஆணி உள்ளே இருக்கும். கையடக்க உலோகம் காட்டும் கருவியால் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். வாள் அலகின் விலையை நினைத்தால் அந்தக் கருவி மலிவு.

கடைசியாக ஈரம். ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் 6 முதல் 9 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். வெளியே கிடந்த பலகையில் அதைவிட நிறைய இருக்கும். புழு இல்லை என்று உறுதியான பிறகு பேஸ்மென்டிலேயே இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, ஈரமானியில் எண் இறங்கி ஒரே இடத்தில் நிற்கும்வரை விடுங்கள். அவசரப்பட்டு அடித்தால் ஜனவரியில் பலகைக்குப் பலகை விரல் போகிற இடைவெளி வரும்.

பழைய வீட்டுக் கதவு ஒன்று, நீல பெயின்ட் உரிந்து வடிவாக இருக்கிறது. பாருக்கு முகப்பாக வைக்கலாமா? (ஸ்காபரோ)

1960க்கு முந்திய வீட்டுக் கதவு என்றால் அந்தப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரிகிற அழகுதான் ஆபத்தும். தேய்க்காதீர்கள், ஹீட் கன் பிடிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் அதை வைக்க மாட்டேன். பழைய வீட்டுச் சாமான் விற்கும் ஹாபிடாட் ரீஸ்டோர் கடையில் பெயின்ட் படாத பழைய மரக்கதவு தேடிப் பாருங்கள், அடிக்கடி வரும்.

ரயில் சிலிப்பர் கட்டை? கப்பல் பலகைத் தட்டு (பாலெட்)?

சிலிப்பர் கட்டை வேண்டவே வேண்டாம். உக்காமல் இருக்கக் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறிய கட்டை அது, வீட்டுக்குள் வைக்கிற சாமான் இல்லை. பாலெட்டில் முத்திரை பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் சூடாக்கியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, விடுங்கள். முத்திரையே இல்லாததையும் விடுங்கள்.

உயரம், அகலம் எல்லாம் எப்படி? என் மச்சான் 36 அங்குலம் போதும் என்கிறான். (பிராம்டன்)

மச்சான் சமையலறை மேடையின் அளவைச் சொல்கிறார். பாருக்கு 42 அங்குலம், ஸ்டூல் இருக்கை 30. ஒரு ஆளுக்கு 24 அங்குல இடம். முழங்கால் இடிக்காமல் இருக்க மேற்பலகை ஆள் இருக்கிற பக்கம் 8 முதல் 10 அங்குலம் வெளியே நிற்கட்டும். கால் வைக்கும் குழாய் தரையில் இருந்து 7 முதல் 9 அங்குலம். ஊற்றிக் கொடுப்பவர் நிற்க உள்ளே 36 அங்குலம் விடுங்கள். மின்சாரப் பெட்டிக்கு முன்னால் ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் அடைக்கும் வால்வையும் தரை வடிகாலையும் மூடிக் கட்டாதீர்கள்.

மேற்பலகைக்கு எந்தப் பூச்சு? பழைய அலுமாரி ஒன்றின் பலகை கைவசம் இருக்கிறது, பளபளப்பாகவே இருக்கிறது. (மிசிசாகா)

அந்தப் பளபளப்பைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பழைய தளபாடங்களில் அரக்கு மெருகு நிறைய இருக்கும், அரக்கு மதுசாரத்தில் கரையும். மூலையில் ஒரு துளி ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அதன் மேல் விஸ்கி சிந்தினால் கிளாஸ் அடி வட்டமாக வெள்ளையடித்துவிடும். பாருக்குத் தோதான பூச்சு இல்லை, முழுதாக எடுத்துவிடுங்கள்.

எபொக்சி, அதாவது ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின், எல்லாரும் கேட்கிறார்கள். போத்தல் மூடி, நாணயம் பதிக்க ஆசை என்றால் சரி. ஆனால் பழைய மரத்தின் ஆணி ஓட்டையும் வெடிப்பும் காற்றை வெளியே விடும், குமிழ் குமிழாக எழும்பும். ஆகவே முதலில் மெல்லிய பூச்சு ஒன்று அடித்து ஓட்டைகளை அடையுங்கள், அது இறுகிய பிறகுதான் தடிப்பாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த பேஸ்மென்டில் ஒழுங்காக இறுகாது, அறையைச் சூடாக்குங்கள். என் வீடென்றால் எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை அடிப்பேன். கீறினால் தேய்த்து இன்னொரு கை போடலாம். எபொக்சியில் அது பெரிய வேலை.

விஸ்கி பீப்பாய் வாங்கிக் கால் போல வைத்தேன். வளையம் கீழே விழுந்துவிட்டது!

காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்க பேர்பன் விஸ்கியைச் சட்டப்படி புதிதாகக் கருக்கிய ஓக் பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும், அதனால் பழைய பீப்பாய் இந்தப் பக்கம் தாராளமாக வருகிறது. உள்ளே திரவம் இருக்கும்வரை பலகை உப்பி வளையத்தை இறுக்கிப் பிடிக்கும். பேஸ்மென்ட் சூட்டில் பலகை சுருங்கினால் வளையம் வழுகும், விட்டால் பீப்பாயே சரியும். வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு திருகாணி வளையத்தின் ஊடாக இறக்குங்கள். சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சிங்க் வைக்க ஆசை. நாங்களே செய்யலாமா?

வடிகால், காற்றுக் குழாய் எல்லாம் வரும், புதுக் குழாய் வேலைக்கு நகரசபை அனுமதி வேண்டும். மின் வேலைக்கு ஒன்டாரியோவில் ஈ.எஸ்.ஏ. என்ற மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். சிங்கில் இருந்து ஒன்றரை மீட்டருக்குள் வரும் பிளக்குக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) கட்டாயம். என்னைக் கேட்டால் சிங்க் இல்லாமல் ஒரு சின்ன ஃபிரிட்ஜும் ஐஸ் வாளியும் போதும்.

அண்ணா, இவர் பார் கட்டத் துள்ளிக்கொண்டு நிற்கிறார். ஆனால் சுவரில் வெள்ளைப் பொடி படர்கிறது, மழைக்குப் பிறகு மணக்கிறது. (ஸ்காபரோ)

அக்கா, அவரை நிறுத்துங்கள். அந்தப் பொடி, கொங்கிரீட்டுக்குள் வரும் தண்ணீர் விட்டுச் செல்லும் உப்பு. தரையில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிறகு பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ கொங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்தும் வருகிறது. முதலில் கூரைப் பீலியும் வெளிமண் சரிவும் பார்க்க வேண்டும்: கூரைத் தண்ணீர் வீட்டடியில் விழாமல் தள்ளி விழட்டும். அதோடு, மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் கதிரியக்க வாயுவான ராடனை அளக்கும் சிறு கருவி ஒன்றைக் குளிர்காலத்தில் மூன்று மாதம் வையுங்கள். கனடாவின் வழிகாட்டு வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்க அளவு), அதற்கு மேல் போனால் ராடன் குறைக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். பழைய தரையில் 9 அங்குலச் சதுர ஓடு இருந்தால் கிளப்பாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

இதெல்லாம் முடிய ஒரு வருடம் போனாலும் போகட்டும். பலகை அதுவரை காயும்.