மாவுக்கட்டுக்குள் வலி கூடினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் 7 வயது மகன் ஊஞ்சலில் இருந்து விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பில் விரிசல். எலும்பு டாக்டர் மாவுக்கட்டு போட்டு, ஒரு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். 'சர்ஜன் ஆயிற்றே, அடுத்த முறை ஆபரேஷன் என்பார், பிரித்துவிட்டு நாட்டுக்கட்டு போடலாம்' என்கிறார் மாமியார். எக்ஸ்ரே கதிர், கால்சியம், அரிப்பு என்று இணையத்தில் படித்ததும் பயமுறுத்துகிறது. என்ன செய்வது?

பதில்: கட்டைப் பிரிக்காதீர்கள், அம்மா.

எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம், அப்புறம் எம்.எஸ். ஆர்த்தோ 3 வருடம். இவ்வளவும் முடித்துத்தான் ஒருவர் எலும்பு டாக்டர் ஆகிறார். அந்த 3 வருடத்தில் எத்தனையோ இரவுகள் கேஷுவாலிட்டியில் கழியும். விலகிய எலும்பை இழுத்து நேராக்குவது, மாவுக்கட்டு போடுவது, காலையில் எக்ஸ்ரேயைச் சீனியரிடம் காட்டித் திட்டு வாங்குவது, இதுதான் பாடம். ஆபரேஷன் செய்யக் கற்பதைவிட, எந்த முறிவுக்கு அது வேண்டாம் என்று கற்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. உங்கள் டாக்டரும் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துதான் பையனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே ஏன்? வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து எலும்பு நகரலாம். குழந்தை எலும்பு வேகமாகக் கூடும். நகர்ந்திருந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்வது சுலபம், 3 வாரம் போனால் கோணலாகவே ஒட்டியிருக்கும். நகர்ந்தால் தோல் வழியாக மெல்லிய கம்பிகள் வைக்க வேண்டிவரலாம், சில வாரத்தில் எடுத்துவிடுவோம். பெரும்பாலும் அதற்குத் தேவை வராது.

இனி நான் சொல்வதை மாமியாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, உள்ளே வீக்கம் ஏறி இடமில்லாமல் போனால் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும், விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். இறுக்கமான கட்டால் கை இப்படி ஆவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே எழுதிவைத்தார். இன்றும் அப்படி மடங்கிய பிஞ்சுக் கைகளைப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடியது.

அடையாளம் வலிதான். மருந்து கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி. அவன் விரல்களை நீங்கள் மெல்ல நீட்டிப் பாருங்கள். அலறினால் உடனே கிளம்புங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி. விரல் மரத்துப்போவது, வெளிறுவது, சில்லிடுவது எல்லாம் தாமதமாக வரலாம், அவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். நாடி துடிக்கிறதே என்றும் ஏமாறாதீர்கள். 'குழந்தை அடம்பிடிக்கிறான்' என்று மருந்துக்கடையில் கூடுதல் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. எச்சரிக்கிற மணியை நீங்களே நிறுத்துகிறீர்கள். மருத்துவமனையில் கட்டையும் அடியிலுள்ள பஞ்சையும் தோல் தெரியும்வரை பிரித்துப் பார்ப்பார்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கை எக்ஸ்ரேயின் கதிர் மிகக் குறைவு. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்குக் கால்சியம் மாத்திரை வேண்டாம், ஆட்டுக்கால் சூப் கொடுப்பதானால் கொடுங்கள். அரித்தால் உள்ளே ஸ்கேலோ ஊசியோ விடக்கூடாது.

கட்டு எடுத்த பிறகு முழங்கை விறைப்பாக இருக்கும். அப்போது யாராவது எண்ணெய் போட்டு நீவ வருவார்கள், விடாதீர்கள். முழங்கையை அழுத்தி நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடக்க முடியாமல் போகக்கூடும். அவனை விளையாட விடுங்கள். தானாக மடக்கி நீட்டியே சரிசெய்துகொள்வான். ஆனால் ஊஞ்சல் மட்டும் டாக்டர் சொன்ன பிறகு.