அறிவியல் புனைவு பாணி வயது வந்தோர் படங்களில் கதை ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது?

பட்ஜெட் இல்லாததுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். 1974இல் வந்த 'ஃப்ளெஷ் கார்டன்' என்ற படத்தைப் பாருங்கள். 1930களின் ஃப்ளாஷ் கார்டன் தொடர்படங்களைக் கிண்டல் செய்து எடுத்தது. பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்த அரக்கர்கள், மினியேச்சர் ராக்கெட் என்று நிஜமான உழைப்பு அதில் இருக்கிறது. அதில் வேலை செய்த டென்னிஸ் மியூரன் அப்புறம் 'ஸ்டார் வார்ஸ்' பக்கம் போய்ப் பல ஆஸ்கர் வாங்கினார். ஆக, திறமைக்குக் குறைவில்லை.

கதையில்தான் ஓட்டை. வேறு கிரகத்துப் பேரரசன் ஒருவன் பூமியின் மேல் ஒரு கதிரைப் பாய்ச்சுகிறான். பட்டவர்களுக்குக் காமவெறி பிடித்துவிடும். ஒரு விமானத்தின் மேல் அது படுகிறது, உள்ளே எல்லாரும் நிலை மறக்கிறார்கள். உண்மையில் இது கனமான கரு. தன் விருப்பம் இல்லாமலே உடம்பு ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், கதிர் விலகிய பிறகு அந்த மனிதர் பக்கத்து சீட்டுக்காரரின் முகத்தை எப்படிப் பார்ப்பார்? வெட்கமா, கோபமா, பயமா? படம் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. நாயகனும் நாயகியும் பாராசூட்டில் குதிக்கிறார்கள், அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

இந்த வகைப் படங்களின் அடிப்படைக் கோளாறே இதுதான் என்று நினைக்கிறேன். உலகத்துக்கு ஒரு விதியை உண்டாக்குகிறார்கள். ஆனால் படுக்கையறைக் காட்சி வந்ததும் அந்த விதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பது எந்தப் படத்திலும் நடக்கக்கூடியதுதான்.

நம் சினிமாவில் பாட்டு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாட்டு என்றால், தொடங்கும்போது அந்நியர்களாக இருந்த இருவர் முடியும்போது காதலர்களாகியிருப்பார்கள். கதை விட்ட இடத்திலேயே நிற்கிறது என்றால் ஜனம் டீ குடிக்க எழுந்து போய்விடும். அமெரிக்க ஆய்வாளர் லிண்டா வில்லியம்ஸ் 1989இல் எழுதிய நூலில், பாலுறவுப் படங்களை ஹாலிவுட்டின் இசைப் படங்களோடுதான் ஒப்பிட்டார். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

இன்னொரு குறை, எதிர்காலம் என்பது உடையிலும் விளக்கிலும் மட்டும் இருப்பது. ஆணும் பெண்ணும் பழகும் முறை படம் எடுத்த ஆண்டிலேயே நிற்கும். அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் மனிதர்கள் மாதத்தில் சில நாள் மட்டுமே ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள். ஒரே ஆள் ஒரு குழந்தைக்குத் தாய், இன்னொன்றுக்குத் தகப்பன். அந்த ஒரு விதியிலிருந்து குடும்பம், அரசியல் எல்லாமே வேறாக விளைகிறது. காமத்தை வைத்து ஆழமான அறிவியல் புனைவு எழுதவே முடியாது என்று சொல்லிவிட முடியாது.

சரி, இந்த வகைப் படங்களிலேயே யாரும் சரியாகச் செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள். 1982இல் ஸ்டீபன் சயாடியன் எடுத்த 'கஃபே ஃப்ளெஷ்'. அணு ஆயுதப் போருக்குப் பின் பிழைத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் உறவு கொள்ள முயன்றாலே நோய்ப்படுவார்கள். மிச்சம் ஒரு பங்கினர் அவர்கள் முன்னால் மேடையில் உறவுகொண்டு காட்டியாக வேண்டும். பார்வையாளர்களில் நிக், லானா என்று ஒரு ஜோடி. லானாவுக்கு அந்த நோய் கிடையாது. நிக் மேல் உள்ள அன்பினால் அதை மறைத்து அவனோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த ஒரு ரகசியம் போதும். மேடையில் என்ன நடந்தாலும் நம் கண் லானாவின் முகத்துக்குத்தான் போகும். இன்று தாங்கிவிடுவாளா, காட்டிக்கொடுத்துவிடுவாளா என்று மனம் அடித்துக்கொள்ளும். பாலுறவுக் காட்சியை வெட்டினால் கதையும் விழுந்துவிடும். எனக்குத் தெரிந்து இந்த வகையில் அப்படிச் சொல்லக்கூடிய படம் வேறு இல்லை. கிளர்ச்சிக்காக டிக்கெட் வாங்கியவனுக்கு, வெளிறிய முகத்தோடு மேடையை வெறிக்கும் அந்தக் கூட்டத்தில் தன்னையே பார்ப்பது போல இருக்கும்.

கடைசியில் லானா மேடையேறிவிடுகிறாள். நிக் கீழே இருந்து பார்க்கிறான். அவனால் வேறெதுவும் செய்ய முடியாது.