குழந்தை தூங்கும்போதும் மகளுக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகிறது. சுகப்பிரசவம். குழந்தை நன்றாக இருக்கிறான், மாப்பிள்ளையும் தங்கமானவர். ஆனால் மகள் யாரோடும் பேசுவதில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். குழந்தை தூங்கினாலும் இவள் கண்ணை மூடுவதில்லை. "நான் நல்ல அம்மா இல்லை, இவனை வேறு யாராவது வளர்த்தால் நன்றாக இருப்பான்" என்று நேற்று சொன்னாள். நானும் மூன்று பிள்ளை பெற்றவள்தான், இப்படி இருந்ததில்லை. இது அசதியா, பிடிவாதமா, நோயா?

பதில்: பிடிவாதம் இல்லை அம்மா. வெறும் அசதியாகவும் தெரியவில்லை. கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயையே காட்டுகிறது. குணப்படுத்தக்கூடிய நோய் இது.

மற்றதைப் பேசுவதற்கு முன், நேற்று அவள் சொன்னதைக் கவனியுங்கள். "வேறு யாராவது வளர்த்தால்" என்று ஒரு தாய் சொன்னால், தான் இல்லாமல் போவதைப் பற்றி அவள் யோசிக்கிறாளா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்றைக்கே, தனியாக உட்கார்ந்து, நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவளுக்குப் பெரும்பாலும் ஆறுதல்தான் கிடைக்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் விஷப் பொருள்களையும் அப்புறப்படுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உள்ளதுதான். இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது. மனச்சோர்வு பிரசவமான முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். சிலருக்குக் கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடும்.

நீங்கள் சொன்னதில் தூக்கம்தான் முக்கியமான தடயம். அசந்துபோன தாய் தலையணை கிடைத்தால் போதும், தூங்கிவிடுவாள். குழந்தை தூங்கி, வீடும் அமைதியாக இருந்து, அப்போதும் தூக்கம் வரவில்லை என்றால் அது களைப்பு மட்டும் அல்ல. பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, தீராத குற்றவுணர்ச்சி, குழந்தை மூச்சு விடுகிறதா என்று ஓயாமல் பார்ப்பது எல்லாம் இதோடு சேர்ந்து வரும். "குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ" போன்ற பயங்கரமான நினைப்புகளும் சிலருக்கு வரும். அந்த நினைப்பைக் கண்டு அவளே நடுங்கிப்போவாள், வெட்கத்தில் வெளியே சொல்லமாட்டாள். சொன்னால் திட்டிவிடாதீர்கள். இதையெல்லாம் சுமந்துகொண்டே பல பெண்கள் வேளா வேளைக்குப் பால் கொடுத்து, வந்தவர்களிடம் சிரித்தும் பேசிவிடுவார்கள். அதனால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாமல் போகிறது.

மாப்பிள்ளை நல்லவர், குழந்தை ஆரோக்கியம், அப்புறம் ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரசவமான சில நாட்களிலேயே உடம்பில் ஹார்மோன்கள் கடகடவென இறங்குகின்றன. தூக்கம் துண்டு துண்டாகிறது. முன்பே மனச்சோர்வு வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். குறையில்லாத வீட்டிலும் இது வரும். ஆகவே "உனக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்காதீர்கள். குறையே இல்லாமல் நான் இப்படி இருக்கிறேனே என்று அவள் ஏற்கெனவே தன்னைத்தானே குத்திக்கொண்டிருப்பாள். "நாங்களெல்லாம் மூன்று பெறவில்லையா" என்பதும் வேண்டாம். "உன் மேல் தப்பில்லை, இது சரியாகிவிடும், நான் கூட இருக்கிறேன்" என்பது போதும்.

அடுத்து அவள் தூக்கத்துக்கு வழி செய்யுங்கள். இரவில் நீங்களோ மாப்பிள்ளையோ குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வு கொடுங்கள். பிழிந்து வைத்த தாய்ப்பாலோ, மருத்துவர் சொல்லும் மாற்றுப் பாலோ ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். ஆனால் குழந்தையை அவளிடமிருந்து ஒரேயடியாகப் பிரித்துவிடாதீர்கள், "நான் லாயக்கில்லை" என்ற எண்ணம் வலுத்துவிடும். வீட்டு வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்திருக்கும் நேரத்தை அவளுக்கு விடுங்கள். மாப்பிள்ளையையும் ஒரு கண் பாருங்கள். அப்பாக்களுக்கும் இந்தச் சோர்வு வருவதுண்டு.

பிரசவம் பார்த்த மருத்துவரிடமே முதலில் போகலாம். 1987-இல் உருவான எடின்பரோ படிவம் என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள், அவ்வளவுதான். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போலக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். லேசாக இருந்தால் மனநல ஆலோசனையே பலன் தரும். கடுமையாக இருந்தால் மாத்திரையும் தேவைப்படும். மாத்திரை என்றதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமோ என்று பதற வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேறியதும் தானாக நிறுத்திவிடாமல், மருத்துவர் சொல்லும் வரை பல மாதங்கள் தொடர வேண்டும். அவளுக்கோ நெருங்கிய உறவில் யாருக்கோ இருதுருவ மனநோய் (அளவு மீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வருவது) இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மருந்தே மாறும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு என்ற இன்னொரு நோய் அபூர்வம், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. இல்லாத குரல் கேட்பது, தொடர்பில்லாமல் பேசுவது, தூங்காமலேயே பரபரப்பாகத் திரிவது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தொடங்கும். இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அங்கே அவள் சார்பில் நீங்களே பேசிவிடாமல், சிறிது நேரம் வெளியே இருந்து அவளைத் தனியாகப் பேச விடுங்கள்.