அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு குறைவு? என்ன செய்தால் வருவார்கள்?

வருவதைவிட, வந்தவர்கள் ஏன் கிளம்பிப் போகிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. நியூஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன்; அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

நாடு முழுக்க மாணவர்களில் சுமார் 15 சதவீதம் கறுப்பினத்தவர். ஆசிரியர்களில் 6, 7 சதவீதம்தான். தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஆள் இருந்தார்கள். 1954-ல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றதும், தென்மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளை இழுத்து மூடினார்கள். பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள், வாத்தியார்கள் வீட்டுக்குப் போனார்கள். 1965-க்குள் 17 மாநிலங்களில் சுமார் 38,000 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாக மதிப்பீடு. வழக்கு நடந்த டொபீகா நகரிலோ தீர்ப்புக்கு முந்தைய வருடமே கடிதம் போய்விட்டது: வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கறுப்பின ஆசிரியரை ஊர் விரும்பாது, ஆகவே அடுத்த வருடம் வேலை தர இயலாது என்று.

சரி, இன்றைக்கு? என் பக்கத்து வகுப்பில் வரலாறு நடத்துபவர் கறுப்பினத்தவர். கட்டடத்தில் எந்த மூலையில் எந்தப் பையன் முரண்டு பிடித்தாலும், "அவரிடம் அனுப்பு, அவர் சொன்னால் கேட்பான்" என்று இவரிடம் தள்ளிவிடுவார்கள். ஓய்வு பீரியடில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருப்பார். ஹூடியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி கதவோரம் இரண்டு பையன்கள். பிப்ரவரி வந்தால் கறுப்பின வரலாற்று மாத விழாவும் அவர் தலையில். இதற்கெல்லாம் ஒரு டாலர் கூடுதலாகக் கிடையாது. ஒபாமா ஆட்சியில் கல்வித்துறைச் செயலராக இருந்த ஜான் கிங் இதைக் கண்ணுக்குத் தெரியாத வரி என்றார். போதாததற்கு, பாடத்தை விட்டுவிட்டு ஒழுங்கு கவனிக்கும் பொறுப்புக்கு வாருங்கள் என்றும் நச்சரிக்கிறார்கள். மனிதருக்கு வரலாறுதான் உயிர்.

அவர் வகுப்பில் இருப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: டென்னசி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், 3-ஆம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் கூடியிருந்தது.

ஆகவே என் யோசனை சாதாரணமானதுதான். பயிற்சிக் காலத்தில் சம்பளம் கொடுங்கள். மாதக்கணக்கில் சும்மா வேலை பார்க்க வசதியற்ற வீட்டுப் பிள்ளையால் முடியாது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம். அப்புறம், ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பும் வழக்கத்தை மாற்றுங்கள். புதிதாகச் சேர்த்த கறுப்பின ஆசிரியர்கள் இதில்தான் முதலில் அடிபடுகிறார்கள். மினியாபொலிஸ் நகரில் 2022-ல் ஆசிரியர் சங்க ஒப்பந்தத்திலேயே இதற்கு விலக்கு எழுதினார்கள். பெரிய ரகளை ஆனது, வழக்கும் போட்டார்கள். என்னைக் கேட்டால், மற்ற ஊர்க்காரர்களும் துணிந்து எழுதலாம்.