பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வடசென்னையில் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் ஒன்னில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) வாங்கிவிடுகிறார்களாமே, இவர்களுக்கும் அப்படி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: செய்யலாம், டீச்சர். ஆனால் கிரெடிட் பற்றி முதலிலேயே பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே பள்ளியும் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. பாடத்தை முடித்தால் அந்தக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலே கிடைத்துவிடும். இங்கே அந்த ஏற்பாடு பரவலாக இல்லை. ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெலில் பள்ளி மாணவரும் சேரலாம், 12 வாரப் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். அதை ஏற்பதா வேண்டாமா என்பது பின்னால் அவர் சேரப்போகும் கல்லூரியின் கையில். அதனால் கிரெடிட் நிச்சயம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஐஐடி மெட்ராஸின் தரவு அறிவியல் பிஎஸ் என்ற ஆன்லைன் பட்டப் படிப்புக்கான தகுதித் தேர்வு. ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு எழுதியதுமே விண்ணப்பிக்கலாம். கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் என நான்கு வாரம் வீடியோ பாடங்களும் வாராந்திரப் பயிற்சிகளும். அப்புறம் நேரில் தேர்வு. தேறியவர்கள் பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். முதல் கட்டத்தில் 8 பாடங்கள், 32 கிரெடிட். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். சாதிப் பிரிவு, குடும்ப வருமானம் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இது பெரிய தாவலாகத் தெரிந்தால், 11, 12ஆம் வகுப்புக்கென்றே ஐஐடி மெட்ராஸ் நடத்தும் ஸ்கூல் கனெக்ட் சான்றிதழ் பாடம் இருக்கிறது, 8 வாரம். பள்ளி பங்குதாரராகப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

லிங்க் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிட்டால் மட்டும் எதுவும் நடக்காது. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் வாரம் ஆங்கில விரிவுரையைக் கேட்டதுமே மிரண்டுவிடும். பாடம் புரியாததால் அல்ல, பேச்சின் வேகத்தால். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆகவே வாரம் இரண்டு நாள், பள்ளி விட்டதும் ஹைடெக் லேபில் எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தமிழில் பேச வையுங்கள். அருகில் உள்ள கல்லூரியில் படிக்கும் உங்கள் பழைய மாணவர் ஒருவர் சனிக்கிழமை வந்து பயிற்சிக் கணக்குகளில் உதவினால் பாதி பயம் போய்விடும். அமெரிக்காவின் ஏழைப் பகுதிப் பள்ளிகள் சிலவற்றில் இத்தகைய பாடங்கள் நடக்கும்போதும், வகுப்பில் ஒரு பள்ளி ஆசிரியரும் வழிகாட்டக் கல்லூரி மாணவர்களும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

என்பிடெல் எடுப்பதாக இருந்தால் ஜூலைப் பருவத்தில் தொடங்குங்கள். ஜனவரிப் பருவம் ஆண்டுத் தேர்வோடு மோதும். படிக்கக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 எடுத்தால் சான்றிதழ். எடுக்காவிட்டால் சான்றிதழ் வராது, அவ்வளவுதான். பள்ளி மதிப்பெண்ணில் அது எங்கும் ஏறாது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் மறக்காமல் சொல்லுங்கள். அவர்களுடைய பெரிய கவலை அதுவாகத்தான் இருக்கும்.