கொள்ளிடத்துக் கெளுத்தி: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கொள்ளிடக் கரையில், அணைக்கரைக்குக் கொஞ்சம் மேற்கே. அப்பா போன ஐப்பசியில் இறந்துவிட்டார். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னைத் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போவார். மாசியில் ஊருக்குப் போனபோது பரணில் அவருடைய மூங்கில் தூண்டில் கிடந்தது. நரம்பு இற்றுப்போயிருந்தது. புதிதாகக் கட்டிக்கொண்டு மூன்று நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். வசந்தம் தொடங்கும்போது அடிமீன்கள் வெறியோடு இரையெடுக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு கெளுத்தி மாட்டியது. இரண்டரை அடி இருக்கும். தட்டைத் தலை, உடம்பெல்லாம் கறுப்புத் திட்டு. கரையில் கிடந்து அது வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்ததும் அப்பாவின் கடைசி நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டேன். ஊர்ப் பையன்கள் பேட்டரி வைத்து ஷாக் கொடுத்து அரை மணி நேரத்தில் ஒரு வாளி மீன் எடுக்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் கெளுத்திக்கும் மற்ற அடிமீன்களுக்கும் என்ன இரை போட வேண்டும்? முள் குத்திவிட்டால் என்ன செய்வது? பசிக்காக இல்லாமல் ஓர் உயிரைப் பிடிப்பது சரிதானா? நீங்கள் கொள்ளிடக்கரைக்காரர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் வாசலில் மீன் கொண்டுவந்த அம்மாவிடம் அயிரை கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். “அயிரையா? பார்த்தே எத்தனையோ வருசம் ஆச்சே” என்று சொல்லிவிட்டுப் போனார். அதையே நினைத்துக்கொண்டு இருந்தபோது உங்கள் கடிதத்தில் கொள்ளிடம் என்ற பெயரைப் பார்த்தேன். அதனால்தான் உடனே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் தூண்டிலுக்கு நீங்கள் புது நரம்பு கட்டியது எனக்குப் பிடித்தது. இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பியும் மறுபடி போய் உட்கார்ந்தீர்களே, அதுவும் பிடித்தது. அப்பாவோடு இருந்த நேரத்தைத்தான் நீங்கள் அங்கே தேடியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளும் வீண் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் அந்த மீனைத் திரும்ப விட்டீர்களே, அது பெரிய தப்பு. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வராது. நீங்கள் பிடித்தது நம் கெளுத்தி இல்லை, ஆப்பிரிக்கக் கெளுத்தி. இரண்டரை அடி, தட்டைத் தலை, கறுப்புத் திட்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதுகுத் துடுப்பு கழுத்துக்குப் பின்னால் தொடங்கி வால்வரைக்கும் நீளமாக ஓடியிருக்கும், அதில் முள் இருந்திருக்காது. கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். நம் ஆற்றுக் கெளுத்தி ஒரு சாண், மிஞ்சினால் கொஞ்சம் கூட. முதுகில் நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு முள், அதற்குப் பின்னால் சதையாக ஒரு குட்டித் துடுப்பு, விலாவில் கறுப்புக் கோடுகள். இரண்டுக்கும் மீசை உண்டு, செதில் கிடையாது. அதோடு ஒற்றுமை முடிந்தது.

அந்த மீனை வளர்ப்பதற்கே இந்தியாவில் தடை இருக்கிறது. தடையை மீறிக் குட்டைகளில் வளர்த்தார்கள். வெள்ளம் வந்தபோது குட்டை உடைந்து ஆற்றுக்குள் போய்விட்டது. காற்றையே மூச்சாக இழுக்கத் தெரிந்த மீன் அது. ஈரம் இருந்தால் தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போகும். கண்ணில் படும் குஞ்சு, முட்டை, நத்தை, தவளை எதையும் விடாது. கரையில் அது வாயைத் திறந்து மூடியதைச் சாவு என்று நினைத்துக்கொண்டீர்கள். அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, தம்பி. உங்கள் அப்பாவின் நினைவில் நீங்கள் காட்டிய இரக்கம், அந்த மடுவில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கெளுத்திக் குஞ்சின் தலையிலும் விழுந்திருக்கிறது. இனி அது மாட்டினால் எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப விடாதீர்கள்.

பேட்டரி விஷயத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. அது பெரிய மீனோடு குஞ்சையும் கொல்கிறது, சில நேரம் பிடிக்கிறவனையும் கொல்கிறது. வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் 1897-ம் வருடச் சட்டமே குற்றம் என்றது. பேட்டரியும் அந்த வகைதான். அந்தப் பையன்களின் வாளியைப் பார்த்து உங்களுக்குக் கொஞ்சம் பொறாமை வந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. வரக்கூடாது.

முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரமாவது வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டில் அடங்கும். தேளி என்கிற மீசை மீன் குத்தினால் கடுப்பு அதிகம். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிரைப் பிடிப்பது சரியா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் மீன் சாப்பிட்டு வளர்ந்தவள்.

இனி வசந்தத்துக்கு வருகிறேன். அந்த வீடியோக்காரர்களுடைய ஆற்றில் குளிர்காலம் முழுவதும் மீன் அடியில் மரத்துப்போய்க் கிடக்கும். வெயில் வந்து தண்ணீர் சூடாகும்போது பசியோடு எழுந்துவரும். அங்கே அது சரி. கொள்ளிடத்தில் எந்த மீன் குளிரில் மரத்தது? மாசி பங்குனி நமக்குப் பின்பனி. இளவேனில் பிறக்கச் சித்திரை வரவேண்டும். இங்கே மீனின் போக்கை மாற்றுவது தண்ணீர் வற்றுவதுதான். மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதிலும் கொள்ளிடத்துக்கு வருவது காவிரிக்குப் போக மிஞ்சிய வெள்ளம்தானே. தை முடிவதற்குள் அகன்ற ஆறு நாலைந்து வாய்க்காலாக ஒடுங்கும். மாசியில் அந்த வாய்க்கால்களும் அங்கங்கே அறுந்து மடுக்களாக நிற்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். பகலில் மேலே வந்தால் கொக்கும் நாரையும் விடாது. அடிமீன் எல்லாம் மடுவுக்கும் மணலுக்கும் கரை வங்குகளுக்கும், அதாவது பொந்துகளுக்கும், போய்விடும். மாசியில் மீன் தேடுகிறவர் முதலில் ஆற்றின் அடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரை எல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கு இதைச் சொல்லித்தந்தது என் அப்பாயி. திருமானூருக்குக் கிழக்கே, வடகரையில் எங்கள் ஊர். 1970-ஐ ஒட்டிய வருடங்கள், எனக்கு எட்டு ஒன்பது வயது. அப்பாயி தூண்டிலைத் தொட்டதே கிடையாது. பழைய நூல்சேலை ஒன்று, ஒரு பித்தளைக் குண்டான், அவ்வளவுதான் அவளுடைய சாமான். வெயில் ஏறுவதற்கு முன்னால் கெண்டைக்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடப்பாள். நடக்கிற மாதிரியே இருக்காது. ஓர் அடி வைப்பாள், நிற்பாள், குதிகாலை மணலில் மெல்லத் திருகுவாள். காலடியில் ஏதாவது நெளிந்தால் “இங்கேடி” என்பாள். குனிந்து ஒரு கை மணலை அள்ளிப் பிழிந்து விரிப்பாள். ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தால் அயிரை இருக்கும் மணல். உள்ளங்கையில் சேறாக அப்பினால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவாள்.

நானும் அவளும் சேலையின் இரண்டு தலைப்பையும் பிடித்து அடியோடு ஒட்டி இழுத்துத் தூக்குவோம். தண்ணீர் வடிந்ததும் சேலை நடுவில் இரண்டு படி மணல் கிடக்கும். அந்த மணலே துடிக்கிற மாதிரி இருக்கும். அயிரையின் நிறமும் மணலின் நிறமும் ஒன்றுதான். கண் மட்டும் வெளியே தெரிய உடம்பு முழுவதையும் புதைத்துக்கொள்ளும் மீன் அது. ஒரு வாய் மணலை எடுத்து, அதற்குள் இருக்கும் புழு பூச்சியைச் சலித்துத் தின்றுவிட்டு மணலைச் செவுள் வழியாகத் துப்பிவிடும். அப்பாயி பக்கத்து மணல்திட்டில் கையாலேயே ஊற்று பறிப்பாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் சுரக்கும். முதலில் வருகிற கலங்கலை இறைத்துவிட்டுத் தெளிந்ததைக் குண்டானில் ஊற்றி அயிரையை அதில் விடுவாள். வீட்டுக்குப் போவதற்குள் உள்ளே இருக்கிற மணலையெல்லாம் கக்கிவிடும். அதே ஊற்றில் நாங்களும் இரண்டு கை அள்ளிக் குடிப்போம்.

கெளுத்திக்கு அவளுக்கு வேறு முறை. கரையில் மருத வேருக்கு அடியில் வங்கு இருக்கும். ஒரு வாயைப் புல்லால் அடைத்துவிட்டு இன்னொரு வாயில் தோள்வரைக்கும் கையை விட்டுத் தடவுவாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னம் தண்ணீரில் பட, கண்ணை மூடிக்கொள்வாள். கை வெளியே வரும்போது பக்க முட்கள் இரண்டுக்கும் பின்னால் விரல்கள் சரியாக மடங்கியிருக்கும். அது ‘கிர்ர் கிர்ர்’ என்று சத்தம் போடும். பக்க முள்ளின் வேரை எலும்புக் குழியில் தேய்த்துப் போடுகிற சத்தம். எனக்கு அது பின்னாளில்தான் தெரியும். அப்போது அது எங்களைத் திட்டுகிறது என்று நினைத்துக்கொள்வேன். இருட்டிலும் கலங்கலிலும் அதற்கு வழிகாட்டி மீசைதான். மீசை மட்டுமில்லாமல் தோல் முழுவதிலும் அதற்கு ருசி தெரியும். ஆற்றின் அடியை நக்கிப் பார்த்துக்கொண்டே போகிற மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடி இப்போது இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

1990-களின் கடைசியில் எங்கள் ஊர்த் துறைக்கு முதலில் மாட்டுவண்டி வந்தது. அப்புறம் லாரி, அப்புறம் பொக்லைன். நாலு கோடையில் நான் சேலை பிடித்த இடத்தில் களிமண் தெரிந்தது. கறுத்து, வழவழவென்று, கால் வைத்தால் வழுக்கும் களி. கரையோர மருதங்களின் வேர் அந்தரத்தில் தொங்கி இரண்டு வெள்ளத்தில் மரங்களும் போய்விட்டன. மரத்தோடு வங்கும் போனது. ஊரில் நாங்கள் சிலர் மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்ட அலுவலகத்தில் இருந்து ஒரு பதிலும் வரவில்லை. அள்ளிய இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழிகள். மழைநீர் தேங்கி, பாசி படர்ந்து, காற்றில்லாத தண்ணீர். அதில் எந்த மீன் வாழும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே வந்து காற்றை இழுக்கத் தெரிந்த மீன்தான். உங்கள் தூண்டிலில் மாட்டியதே, அதற்கு நாம்தான் வீடு தோண்டிக் கொடுத்திருக்கிறோம்.

“வெள்ளம் வந்தால் மணல் திரும்ப வந்துவிடும்” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. எங்கிருந்து வரும்? 1934-ல் மேட்டூர் அணை எழுந்த நாளிலிருந்து மேலிருந்து உருண்டுவரும் மணலில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. பவானிக்கும் அமராவதிக்கும் அணை இருக்கிறது. கீழே இருந்தது எல்லாம் பழைய இருப்பு. எத்தனையோ தலைமுறை வெள்ளம் கொண்டுவந்து போட்டதை நாம் நாலு கோடையில் அள்ளிவிட்டோம். மணல் போனால் கிணறு வற்றும் என்று எல்லாரும் பேசுகிறார்கள், சரி, பேச வேண்டியதுதான். ஆனால் மணலுக்குள்ளேயே குடியிருந்த அயிரையையும் ஆரலையும் பற்றி யார் பேசுகிறார்கள்? ஒரு மணல் மணிக்கும் இன்னொரு மணிக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் புழு இருந்தது, புழுவைத் தின்ன அயிரை இருந்தது, அயிரையைத் தின்ன கெளுத்தியும் வாளையும் வந்தன. லாரியில் ஏறியது அத்தனையும் சேர்ந்துதான். கட்டடத்தில் கலந்த மணலோடு எத்தனை அயிரை காய்ந்து போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அயிரையின் அறிவியல் பெயரில் ‘தெர்மாலிஸ்’ என்று ஒரு சொல் வரும். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனை வைத்து 1846-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். வெந்நீர் ஊற்றில்கூட உயிரோடு இருக்கத் தெரிந்த மீன் அது. எங்கள் துறையில் இருக்க முடியவில்லை.

இரையைக் கேட்டிருந்தீர்கள். மண்புழுவைக் கொத்தாகக் கோர்த்துப் போடுங்கள், கெளுத்திக்கு அது போதும். கோழிக்குடலும் எடுக்கும். தக்கை வேண்டாம். ஈயக்குண்டு கட்டி இரையை அடியிலேயே கிடக்க விடுங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். மீன் இழுத்ததும் தூண்டிலைச் சுண்டாதீர்கள், ஒரு மூச்சு பொறுத்துச் சுண்டுங்கள். ஆனால் அணைக்கரைப் பக்கம் இருட்டில் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்காரவே கூடாது. அங்கே முதலைகள் இருக்கின்றன. உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பங்குனியில் மறுபடி ஊருக்குப் போவீர்கள் என்றால் ஒரு நாள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நல்ல வெளிச்சத்தில், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முதலை வராத துறையாகப் பார்த்து இறங்குங்கள். குழி இருக்கும், ஒரு கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டே நடங்கள். செருப்பு வேண்டாம். கெண்டைக்கால் தண்ணீரில் நின்று குதிகாலை மெல்லத் திருகுங்கள். ஏதாவது நெளிந்தால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள். எந்தத் துறை என்பதைத் தனியாக எழுதுங்கள், நான் இங்கே போட மாட்டேன்.

அன்புடன்.